ஏழாம் எண் கிணறு

மார்ச் 21

என் அருமை மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பதைப் படித்ததும் உன் அம்மா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு தானே இன்னொரு முறை படித்தாள். நான் படித்தால் பாதியை முழுங்கிவிடுவேனாம். இங்கே நாங்கள் இருவரும் நலம்.

போனில் பேசுவதை விட்டுவிட்டு அப்பா ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். நம் வீட்டில் இருப்பது இரண்டே அறை. நான் சமையலறையில் தும்மினால் அவள் கட்டிலில் இருந்தபடியே "மாத்திரை போட்டீங்களா" என்பாள். அவள் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. அதனால் தண்ணீர் லாரி நிறுத்துமிடத்தில், ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போட்ட நிலப்படம் பிப்ரவரியில் இங்கே செய்தித்தாளில் வந்தது. ஊர் நடுவே ஒரு சிவப்புத் திட்டு. அதற்குள் எங்கள் பதினான்கு ஆழ்துளைக் கிணறுகள். பக்கத்தில் ஏரியின் படம் இரண்டு. போன வருடம் உள்ளங்கை அகலம், இந்த வருடம் கட்டைவிரல் அளவு. உன் பெயரைப் போடவில்லை. ஆனால் நான் சும்மா இருப்பேனா? டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன். வானத்தில் போகிற ஒரு செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே வந்து, நிலம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளக்கிறது, அதைப் படித்துச் சொல்பவள் என் மகள் என்றேன். நீ போன முறை வந்தபோது பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துக் காட்டினாயே, தண்ணீர் இருந்தால் உப்பும், பிழிந்தால் சப்பையாகும் என்று. அதையும் செய்து காட்டினேன். லாரிக்கு லோடு ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை இறங்கும், இந்த நிலத்துக்கு மட்டும் லோடை எடுத்தால் இறங்குகிறதே என்று ஒருவர் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்த வாரமே அதிகாரிகள் உன் படத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு வந்து, பதினான்கு கிணறுகளையும் மூடினார்கள். மோட்டார் அறைகளைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் போனார்கள். அன்றுமுதல் டீக்கடையில் என் பக்கத்துப் பெஞ்சு காலி. நம் சோடாபுட்டிதான், இருபது வருடம் என்னோடு லாரி ஓட்டியவன், முகத்துக்கு நேரே கேட்டான்: "உம் பொண்ணு அங்க மேல உக்காந்துக்கிட்டு நம்ம வாயில மண்ணப் போட்டுட்டாளேப்பா." நான் கோபப்படவில்லை. அவனுக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் பக்கத்து லாரியே தெரியாது, வானத்தில் இருப்பது எப்படித் தெரியும்?

நீ செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பது வருடமாக அந்தக் கிணறுகளில் லாரிக்குத் தண்ணீர் பிடிக்கிறவன் நான். முன்பு எண்பது அடியில் வந்த தண்ணீர் இப்போது அறுநூறு அடியில் இருந்து முனகிக்கொண்டு வருகிறது. உன் கோள் சொல்லும் முன்பே மோட்டாரின் சத்தம் எங்களுக்குச் சொல்லிவிட்டது. நாங்கள்தான் காதைப் பொத்திக்கொண்டோம்.

இப்போது நீ கேட்ட இரண்டு கேள்விகள்.

முதலாவது, அம்மாவின் டயாலிசிஸ். கிணறுகளை மூடியதும், தண்ணீர் பற்றாததால் வாரம் மூன்று முறையை இரண்டாகக் குறைக்கப்போவதாக ஆஸ்பத்திரியில் அறிவிப்பு ஒட்டியது உண்மைதான். உன் சித்தி உனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அது நடக்கவில்லை. ஏரியில் இருந்து ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஏற்பாடு ஆகிவிட்டது. அந்த நடையை நானே ஓட்டுகிறேன். அம்மாவுக்கு எப்போதும் போல வாரம் மூன்று முறை நடக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அவள் குடிக்கலாம், இரத்தம் கழுவவோ ஒவ்வொரு முறையும் முந்நூறு லிட்டர் வேண்டும். "குடிக்க ஒரு டம்ளர், கழுவ ஒரு தொட்டி. நான் என்ன மனுசியா, உங்க லாரியா?" என்று நர்ஸிடம் கேட்டுச் சிரிக்க வைக்கிறாள். ஆக, அவளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரண்டாவது, மூடிய பிறகும் அங்கே நிலம் இறங்குகிறது, யாராவது தண்ணீர் எடுக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். யாரும் எடுக்கவில்லை. பிழிந்த பஞ்சு உடனே உப்பாது என்று நீதானே சொன்னாய்? கொஞ்ச நாள் போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே. உன் கண்கள் அம்மாவின் கண்கள், சீக்கிரம் களைத்துவிடும்.

உன்னை எப்போதும் நினைக்கும்
அப்பா


மே 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெயில் மனிதனை உட்கார விடவில்லை. லாரியின் கதவைத் துணி இல்லாமல் தொட முடியவில்லை.

அம்மாவுக்குப் போன வாரம் கொஞ்சம் வாந்தி. ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் போகவில்லை. திங்கட்கிழமை போனாள், சரியாகிவிட்டது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். இதற்குமேல் குறைக்க வேண்டுமானால் உப்பு டப்பாவை வேறு வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று அவள் சொல்கிறாள். வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எடை குறைந்திருக்கிறது. பழைய சட்டைகள் எல்லாம் தோளில் இருந்து வழிகின்றன.

அதற்காகத்தான் தையல் அக்காவை வரச் சொன்னேன். உனக்குத் தெரியுமே, கிணறுகளுக்குப் பின்னால் இருக்கும் நாற்பது வீட்டுக் குடியிருப்பில் இருப்பவள். ஏழு வருடமாக அம்மாவின் சட்டைகளை அவள்தான் தைக்கிறாள். ஊசி போடும் இடது கைக்கு மட்டும் தோள்வரை பிரித்து, பொத்தான் வைத்துத் தருகிறாளே, அதை வேறு யாருக்கும் சரியாகத் தைக்கத் தெரியவில்லை. நான்கு சட்டைக்கு அளவெடுத்துப் போனாள். போகும்போது தன் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்றாள். அவளுக்கு மட்டுமல்ல, அந்தக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு. லாரியில் இருந்து ஒரு டிரம் தண்ணீர் கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டாள். மறுநாள் இரண்டு டிரம் நிரப்பிக் கொடுத்தேன். கும்பிட்டாள். எனக்கு என்னவோ போல இருந்தது.

சோடாபுட்டி இப்போது என்னோடு பேசுகிறான். மற்றவர்களும் பேசுகிறார்கள். டீக்கடைப் பெஞ்சில் எனக்கு இடம் கிடைக்கிறது. நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் எழுதினேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். நான்கு முறை கோள் கடந்தும் நிலம் இறங்குவது நிற்கவில்லை, வேகம் கூடித்தான் இருக்கிறது, அதுவும் கிழக்கு மூலையில் அதிகம் என்று எழுதியிருக்கிறாய். அந்த மூலையில் ஐந்து, ஆறு, ஏழு எண் கிணறுகள் இருப்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பாதையில் கனரக வண்டிகள் போகின்றன, அந்த அதிர்வில் மண் அமர்ந்திருக்கலாம். நீ மேலே இருந்து பார்க்கிறாய், நான் கீழே இருந்து பார்க்கிறேன். கீழே ஒன்றும் நடக்கவில்லை. உன் மேலதிகாரி கேட்டால் அப்படியே சொல்லிவிடு. மறுபடி மறுபடி இதையே கேட்டு எழுதாதே. அம்மா உன் கடிதங்களைத் தானே பிரித்துப் படிக்கிறாள். அவளுக்கு இந்த மில்லிமீட்டர் எல்லாம் எதற்கு?

நீ வர நினைத்தாலும் இந்த வெயிலில் வேண்டாம். மழை வரட்டும். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள்.

அன்புடன்
அப்பா


ஜூலை 19

மகளே,

நீ திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகிறது. இந்த வீட்டில் இப்போது எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் போனில் பேசலாம். ஆனாலும் எழுதத்தான் செய்கிறேன். நேரில் ஐந்து நாள் நீ என் முன்னால் இருந்தாய். அப்போதே சொல்லாதவன் போனில் எப்படிச் சொல்வேன்?

உன் கடிதம் நேற்று வந்தது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய், இந்த மாதக் கடைசியில் விலகப்போகிறாய் என்று படித்தேன். காரணத்தையும் எழுதியிருந்தாய். "நான் சிவப்பு போட்டதாலதான் கிணத்த மூடினாங்க. கிணத்த மூடினதாலதான் அம்மா போயிட்டாங்க." உன் குரலிலேயே அது எனக்குக் கேட்டது. இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்து முடிக்கும்வரை எழுந்து போகாதே. எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக.

உன் படத்தால் அவள் சாகவில்லை. கிணறுகளை மூடிய பிறகு ஒரு நாள்கூட அவளுக்கு ஆஸ்பத்திரியில் தண்ணீர் இல்லாமல் போகவில்லை. ஏன் என்றால், அந்தத் தண்ணீரை நான் திருடிக் கொடுத்தேன்.

மார்ச் நான்காம் தேதி ஏழாம் எண் கிணற்றின் அரக்கை நான்தான் உடைத்தேன். இரண்டாகக் குறைக்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாள். ஏரியில் இருந்து எந்த ஏற்பாடும் ஆகவில்லை, அது நான் உனக்குச் சொன்ன கதை. இரண்டு முறை போதுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "சிலபேர் தாங்குவாங்க" என்றார். உன் அம்மா அந்தச் சிலபேரில் ஒருத்தியா என்று பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

பதினான்கு கிணறுகளுக்கு ஒரே காவலாளி. அவரிடம் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை, நின்றேன் அவ்வளவுதான். அவருக்கு உன் அம்மாவைத் தெரியும். அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, பன்னெண்டு மணிக்கு நான் சாப்பிடப் போவேன். சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் எனக்குக் கண்ணு தெரியாது." அந்த உச்சி வெயிலில் தெருவில் நாய்கூட இருக்காது. என் பழைய ஃபியூஸ் கட்டையைச் செருகினேன். மோட்டார் முனகி எழுந்தது. நாற்பது நிமிடத்தில் லாரி நிறைந்தது. ஏரித் தண்ணீர் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அவர்களும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு லாரி, அதுவும் ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். மூன்று வாரம் அப்படியே இருந்தேன். பிறகு என் லாரி மூன்று நாள் பட்டறையில் நின்றது. வேறு வழியில்லாமல் சோடாபுட்டியிடம் சொன்னேன். அவன் மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான்காம் நாள் ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோனான். அப்புறம் அவன் மைத்துனன், அப்புறம் அவனுக்குத் தெரிந்தவன். ஏப்ரல் கடைசியில் பதினோரு லாரிகள். ஐந்தும் ஆறும்கூடத் திறந்துவிட்டார்கள். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு, கார் கழுவுகிறவர்களுக்கு. டீக்கடையில் எனக்கு இடம் கிடைத்தது இதனால்தான். நான் யாரையும் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பேன்? யார் எடுக்கிறார்கள் என்று நீ கேட்டு எழுதியபோது, உன்னைப் பெற்றவன் உன்னிடமே அதிர்வில் மண் அமர்ந்தது என்று எழுதினேன். நீ அதை ஒருவேளை நம்பியிருப்பாய். என் மகள் என் பேச்சை நம்பித் தன் அளவையே சந்தேகப்பட்டிருப்பாளோ?

தையல் அக்காவின் கிணற்றைக் குடித்தது ஏழாம் எண்தான். நான் கொடுத்த இரண்டு டிரம்மும் அவள் வீட்டுக்குக் கீழே இருந்து எடுத்தது. அதற்குத்தான் அவள் கும்பிட்டாள்.

ஜூன் முதல் வாரம் அவள் தைத்த சட்டைகளைக் கொண்டுவந்தாள். நான் வீட்டில் இல்லை. அம்மாவுக்குப் பொத்தான் போட்டுக் காட்டிக்கொண்டே, தினமும் மத்தியானத்தில் லாரிச் சத்தம் கேட்கிறது, அதற்குப் பிறகுதான் கிணறு வற்றியது, வீட்டைக் காலி செய்யப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் என்மேல் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அன்று மாலை நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டாள்: "ஏங்க, ஏரிக்குப் போய்வர நாலு மணி நேரம் ஆகும்னு நீங்கதான சொல்வீங்க. ஆஸ்பத்திரியில நான் படுத்திருக்கிற ஜன்னல்ல இருந்து வாசல் தெரியும். பதினொண்ணரைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போறீங்க, ஒரு மணிக்கெல்லாம் உங்க லாரி வந்து நிக்குது. ஏரி என்ன நடந்து வருதா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "நிறுத்திடுங்க" என்று மட்டும் சொன்னாள். நிறுத்திவிட்டேன் என்று மூன்றாம் நாள் பொய் சொன்னேன். நம் லாரி டயரில் ஏரியின் கறுப்பு மண் இல்லை, கிணற்றுப் பக்கத்துச் சிவப்பு மண் இருந்தது. அவள் படி இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறாள். பத்துப் படி இறங்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும் என்பது உனக்குத் தெரியும். அப்படி இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து சொன்னாள்: "அந்தப் பொண்ணு எனக்குக் கை வச்சுத் தைக்கிறா. நான் அவ கிணத்தக் குடிச்சிட்டு உக்காந்திருக்கேன். இனி நான் வரல. ரெண்டு தடவைதான் தருவாங்கன்னா ரெண்டு தடவ வரேன். திருட்டுத் தண்ணியில ஒரு தடவைகூட வேண்டாம்."

அன்றே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி உடைத்தேன். ஆனால் மற்றவர்களிடம் அவரவர் கட்டை இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வேறொரு லாரி அதே தண்ணீரைக் கொண்டுவந்தது. அந்த லாரியும் மத்தியானம் ஒரு மணிக்கே வருவதை அவள் நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஜூன் பத்தொன்பது வெள்ளிக்கிழமை போகவில்லை. திங்கட்கிழமையும் போகவில்லை. அவள் காலைப் பிடித்துக் கெஞ்சினேன், பாப்பா. கால் வீங்கி, என் விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. உனக்குப் போன் போடுகிறேன் என்றேன். "அவகிட்ட என்ன சொல்வீங்க? நீங்க பண்ணினதையும் சேத்துச் சொல்வீங்களா?" என்று கேட்டாள். நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஒரு போனை நான் போட்டிருந்தால் நீ பேசியிருப்பாய், அவள் போயிருப்பாள்.

முழு உண்மையையும் எழுதிவிடுகிறேன். அதே திங்கட்கிழமை வேறொன்றும் சொன்னாள். "எனக்கு அலுத்துப் போச்சுங்க. ஏழு வருசமா ஊசி." அவளைப் போகவிடாமல் தடுத்தது மனசாட்சியா, அலுப்பா, என்மேல் இருந்த கோபமா, எனக்குத் தெரியவில்லை. மூன்றுமாக இருக்கலாம். அவளைத் தியாகி ஆக்கி ஒரு கதை சொன்னால் எனக்கும் உனக்கும் சுலபம். அவள் அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் சிரிப்பாள்.

புதன்கிழமை காலை அவளாகவே, "சரி, போலாம். மூச்சு வாங்குது" என்றாள். புதுச் சட்டையில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். ஆட்டோ கூப்பிடக் கீழே போனேன். மேலே வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கைப் பொத்தான்களை எல்லாம் தயாராகக் கழற்றி வைத்திருந்தாள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் ஐந்து நிமிடம்கூடக் கீழே இருக்கவில்லை.

இப்போது என் பாவங்களில் பெரியதைச் சொல்கிறேன். நீ வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தபோது உன் சித்தி எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்: "தண்ணியில்லாமத்தான் போய்ச் சேந்தா எங்கக்கா. கிணத்த மூட வச்சவ வந்து அழுறா பாரு." நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். அவள் சொன்னது பொய் என்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நாளும் நீ அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு எனக்குச் சமைத்துப் போட்டாய். நான் சாப்பிட்டேன். கிணற்றுக்காக என்னைச் சிறையில் போட்டால் போவேன். இதற்கு எந்தச் சிறைக்குப் போவது?

சித்தியிடம் போன வாரம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். அது நியாயம். உன்னிடம் பேச வேண்டும் என்றாள். அவள் போன் வந்தால் எடு.

அந்தக் குடியிருப்பில் இப்போது பதினேழு வீடுகள்தான் திறந்திருக்கின்றன. தையல் அக்கா தன் தையல் மெஷினைச் சைக்கிள் வண்டியில் கட்டிக்கொண்டு எங்கோ தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மிஞ்சியவர்கள் சேர்ந்து, தங்களுக்குக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். பிப்ரவரியிலேயே எல்லாக் கிணறுகளையும் மூடிவிட்டோம், உங்கள் கிணறு வற்றியது வறட்சியால், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அலுவலகம் பதில் அனுப்பிவிட்டது. நான் அலுவலகத்துக்குப் போய், திருடியவன் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். இஞ்சினியர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். "பெரியவரே, சம்சாரம் போன துக்கத்துல ஏதோ பேசறீங்க. இதுக்கு ஆதாரம் என்ன இருக்கு? முத்திரையெல்லாம் சரியா இருக்கு" என்றார். உண்மைதான். குடியிருப்புக்காரர்கள் மனு கொடுத்ததும் லாரிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எடுப்பதை நிறுத்தி, புது அரக்கு வைத்துவிட்டார்கள். காவலாளி வேலையை விட்டுப் போய்விட்டார். பதினோரு பேரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆதாரம் உன்னிடம் இருக்கிறது. மூடிய பிறகும் நிலம் இறங்கியதை அந்தக் கோள் அளந்திருக்கிறது. நான் எந்தத் தேதியில் தொடங்கினேன், பதினோரு லாரிகள் எப்போது சேர்ந்தன, ஐந்தும் ஆறும் எப்போது திறந்தார்கள், எப்போது நின்றது, எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் அளவுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார். ஒத்துப்போகும். ஒத்துப்போனால் அறிக்கை எழுது. அந்தப் பதினேழு வீடுகளுக்கு அது ஒன்றுதான் வழி.

அப்பா என்று பார்க்காதே. உன் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இது என் தகப்பன் செய்தது என்று. உன்னால் எழுத முடியாது என்றால் வேறொருவர் எழுதட்டும், ஆனால் அளவுகளை நீயே எடுத்துக் கொடு. அதற்கு நீ அந்த வேலையில் இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள். நான் இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கவும் தகுதியில்லை. இருந்தும் கேட்கிறேன்.

லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். கூப்பிடும்போது வருவேன் என்று இஞ்சினியரிடம் சொல்லியிருக்கிறேன். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அது பொய் இல்லை. சமைக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். உப்பு மட்டும் எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை, இந்த வீட்டில் ஏழு வருடமாக உப்பே இல்லையே.

நீ நன்றாக இருக்க வேண்டும், பாப்பா. தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். உன்மேல் ஒரு துளிப் பழியும் இல்லை, இதைப் பத்து முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன். எனக்குப் பதில் போடு. திட்டி எழுதினாலும் சரி, ஒரே வரி என்றாலும் சரி. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில்தான் இருப்பேன்.

இன்னமும் அப்படிக் கூப்பிட உனக்கு மனம் இருந்தால்,
உன் அப்பா